மருந்தாளர் ஆக எந்தக் கல்லூரி? பிறையிலிருந்து தேடும் குடும்பங்களுக்கு

பினாங்குப் பாலத்தின் ஒரு முனை பிறையில் தொடங்குகிறது. 13.5 கிலோமீட்டர் கடந்து மறுமுனை கெலுகோரில் இறங்குகிறது. அங்கிருந்து சற்றுத் தொலைவில் மிண்டன் மேடு. முன்பு பிரிட்டிஷ் படையினர் தங்கிய அந்த இடத்தில் இன்று மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. வீட்டில் பேசும்போது யாரும் அந்த நீண்ட பெயரைச் சொல்வதில்லை, யூ.எஸ்.எம். என்றால் போதும். 1969இல் பினாங்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரோடு தோன்றிய இக்கல்விக்கூடத்தில்தான் 1972இல் நாட்டின் முதல் பார்மசி புலம் தொடங்கியது. அதற்கு முன் மருந்தாளர் ஆக நினைத்தவர்கள் சிங்கப்பூருக்கோ, பிரிட்டனுக்கோ, ஆஸ்திரேலியாவுக்கோ, இந்தியாவுக்கோ கப்பலேற வேண்டியிருந்தது.

ஆகவே பிறை, பட்டர்வொர்த், செபராங் ஜெயா, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு நாட்டின் மூத்த பார்மசி புலம் பாலத்துக்கு அப்பாலேயே இருக்கிறது. வடக்கே நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்குள், கெடாவின் செமிலிங்கில் இந்தியச் சமூகத்தின் முயற்சியால் எழுந்த ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் இருக்கிறது. தெற்கே ஈப்போவிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் தனியார் பல்கலைக்கழகங்கள் வரிசையாக இருக்கின்றன. படிக்க இடம் இல்லாத ஊர் இது இல்லை. தேர்ந்தெடுக்கும் முறைதான் பல குடும்பங்களில் தலைகீழாக நடக்கிறது. முதலில் கல்லூரியின் பெயர், பிறகு கட்டணம், பிறகு விடுதி என்று விசாரித்துக்கொண்டே போகிறார்கள். படித்து முடித்ததும் பிள்ளை என்னவாக இருப்பான் என்ற கேள்வி கடைசியில் வருகிறது. சில வீடுகளில் அது வருவதே இல்லை.

கடைசியில் இருப்பதை முதலில் பாருங்கள்

மலேசியாவில் ஒருவரை மருந்தாளர் ஆக்குவது பட்டமளிப்பு விழா மேடை அல்ல, ஒரு பதிவேடு. 1951ஆம் ஆண்டின் மருந்தாளர் பதிவுச் சட்டப்படி இயங்கும் மலேசிய மருந்தியல் வாரியம், அதாவது லெம்பாகா ஃபார்மாசி மலேசியா, அந்தப் பதிவேட்டை வைத்திருக்கிறது. வாரியம் ஏற்றுக்கொண்ட பட்டத்தை முடித்தவர் முதலில் தற்காலிகப் பதிவு பெறுவார். மருத்துவமனை வட்டாரத்தில் இவர்களை பி.ஆர்.பி. என்றுதான் அழைப்பார்கள். வாரியம் ஒப்புக்கொண்ட ஓர் இடத்தில் ஓராண்டு பயிற்சி செய்து, மருந்துச் சட்டங்களைப் பற்றிய தேர்விலும் தேறிய பிறகே முழுப் பதிவு கிடைக்கும். அதற்குப் பிறகும் தொழில் செய்ய ஆண்டுதோறும் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும்.

இந்தப் பதிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை மருந்துக் கடையில் நின்று பார்த்தால் விளங்கும். பனடோல் வாங்க மளிகைக் கடையே போதும். அமோக்சிசிலின் போன்ற ஆன்டிபயாட்டிக் வேண்டுமென்றால் டாக்டரின் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் கொடுக்க முடியாது. 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டம் அதை ‘பி’ பிரிவில் வைத்திருக்கிறது. ‘சி’ பிரிவு மருந்துகளைச் சீட்டு இல்லாமலே கொடுக்கலாம். ஆனால் மருந்தாளர் கையால், பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். இவற்றை விற்பதற்கான ‘ஏ’ வகை உரிமம் கடையின் பெயருக்கு வருவதில்லை, மருந்தாளரின் பெயருக்கு வருகிறது. எத்தனை பெரிய சங்கிலிக் கடையாக இருந்தாலும் உரிமத்தில் ஒரு மனிதரின் பெயர் இருந்தாக வேண்டும். பதிவு இல்லாத ஒருவர் அதே கடையில் இருபது ஆண்டு வேலை பார்த்திருந்தாலும் அந்த உரிமம் அவருக்குக் கிடைக்காது.

எனவே எந்தக் கல்லூரியைப் பற்றி விசாரித்தாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: இந்தப் பட்டத்தை முடித்தால் வாரியத்தில் தற்காலிகப் பதிவுக்கு விண்ணப்பிக்க முடியுமா? ஆம் என்றால் அடுத்த கேள்விக்குப் போகலாம். இல்லை என்றாலோ, பதில் வளைந்து நெளிந்து வந்தாலோ, அங்கேயே விசாரணையை முடித்துக்கொள்ளலாம்.

பெயரில் ‘பார்மசி’ இருப்பதெல்லாம் பார்மசி அல்ல

பேரங்காடிகளில் நடக்கும் கல்விக் கண்காட்சிகளில் ஒரு தாய் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “இத படிச்சா பையன் பார்மசிஸ்ட் ஆயிடுவானா?” மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர், “பார்மசி துறையில வேலை செய்யலாம்மா” என்று சொன்னால் அங்கே நிதானிக்க வேண்டும். இரண்டும் ஒன்று அல்ல. மருந்துத் துறையில் வேலை செய்ய ஆயிரம் வழி இருக்கிறது. மருந்தாளராகப் பதிவு பெற ஒரே வழிதான்.

குழப்பம் மூன்று இடங்களில் வருகிறது. முதலாவது பார்மசி டிப்ளோமா. மூன்று ஆண்டுகள் படித்து முடித்தவர் உதவி மருந்தாளராக வேலை செய்வார். அரசு மருத்துவமனைகளின் மருந்துப் பிரிவு இவர்களால்தான் ஓடுகிறது, அது மதிப்புள்ள தொழில். ஆனால் அது வேறு பதவி, வேறு பொறுப்பு, வேறு சம்பளம். மருந்தாளராக நினைத்து டிப்ளோமாவில் சேர்ந்த பிள்ளைக்கு மூன்றாம் ஆண்டில் உண்மை தெரிந்தால் அந்த மனக்கசப்பு சுலபத்தில் ஆறாது. நல்ல புள்ளியோடு டிப்ளோமா முடித்தவர்களைச் சில தனியார் பல்கலைக்கழகங்கள் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்கின்றன. அதற்கும் எஸ்.பி.எம். பாட நிபந்தனைகள் குறுக்கே வரும். அந்த வழியை நம்பி டிப்ளோமாவில் சேர்பவர்கள், தாங்கள் போக நினைக்கும் பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது குழப்பம் அறிவியல் பட்டங்களில். மருந்து அறிவியல், மருந்துத் தொழில்நுட்பம், உயிர்மருத்துவ அறிவியல் என்ற பெயர்களில் வரும் படிப்புகள் தொழிற்சாலைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் ஆள் தயாரிப்பவை. பதிவேட்டுக்கு அவை வழி விடுவதில்லை. பல்கலைக்கழகப் புலத்தின் பெயரை மட்டும் வைத்தும் முடிவு செய்துவிடக் கூடாது. யூ.எஸ்.எம். புலத்தின் பெயரே ‘மருந்தியல் அறிவியல் புலம்’ என்றுதான் இருக்கிறது. அங்கே கிடைக்கும் பார்மசி இளங்கலைப் பட்டம் வாரியம் ஏற்றுக்கொண்டது. பார்க்க வேண்டியது புலத்தின் பெயர்ப்பலகையை அல்ல, பட்டத்தின் பெயரை.

மூன்றாவது, அங்கீகாரத்தின் வகை. 2007இல் அமைந்த மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனமான எம்.கியூ.ஏ., ஒரு படிப்பு புதிதாகத் தொடங்கும்போது தற்காலிக அங்கீகாரம் தருகிறது. முதல் அணி மாணவர்கள் கடைசி ஆண்டை நெருங்கும்போதுதான் முழு அங்கீகாரத்துக்கான மதிப்பீடு நடக்கும். தற்காலிக அங்கீகாரம் உள்ள படிப்பு மோசமானது என்று சொல்ல முடியாது. எல்லாப் படிப்பும் ஒரு நாள் அந்த நிலையில் இருந்ததுதான். ஆனாலும் முதல் அணியில் சேரும் மாணவர் ஓர் அபாயத்தைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார். இலட்சக்கணக்கில் பணம் கட்டும் குடும்பம் அந்த அபாயத்தை ஏற்காமல், முழு அங்கீகாரம் பெற்று, சில அணிகள் பட்டம் வாங்கிப் பயிற்சிக்குப் போன பிறகு அந்தக் கல்லூரியைப் பரிசீலிப்பதே விவேகம்.

மலேசியாவில் விற்கும் எந்த மருந்துப் பெட்டியைத் திருப்பினாலும் எம்.ஏ.எல். என்று தொடங்கும் ஒரு பதிவு எண் அச்சாகியிருக்கும், பக்கத்தில் ஒளி மாறும் பாதுகாப்பு ஒட்டு இருக்கும். அந்த எண் இல்லாத மருந்தைப் பிள்ளைக்குக் கொடுக்க எந்தத் தாயும் துணிய மாட்டாள். பிள்ளை படிக்கப் போகும் படிப்புக்கும் அப்படி ஒரு பதிவு உண்டு. அது எம்.கியூ.ஏ.வின் தகுதிப் பதிவேடான எம்.கியூ.ஆர். படிப்பின் பெயரை அதில் தேடினால் எந்த வளாகத்தில் நடக்கும் படிப்புக்கு, எந்தத் தேதியிலிருந்து அங்கீகாரம் என்பது தெரிந்துவிடும். அதோடு வாரியத்தின் பட்டியலையும் ஒப்பிட வேண்டும். இரண்டிலும் பெயர் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்தால் போதாது.

நான்காம் படிவத்திலேயே கதவு திறக்கும், கதவு மூடும்

கல்லூரித் தேர்வைப் பற்றிய அத்தியாயத்தில் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவது தேவைதானா என்று தோன்றலாம். தேவைதான். 2020 முதல் நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிவினை இல்லை. மாணவர்கள் பாடத் தொகுப்புகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தேர்வில் உயிரியலையோ வேதியியலையோ விட்டுவிட்ட பிள்ளை, பின்னால் எவ்வளவு நல்ல புள்ளி வாங்கினாலும் பார்மசி வாசலில் நிற்க நேரிடும். வேதியியல்தான் இந்தப் படிப்பின் முதுகெலும்பு. உயிரியல், இயற்பியல், கணிதம் மூன்றும் எஸ்.பி.எம்.மில் நல்ல தரத்தில் இருக்க வேண்டும். வாரியமே குறைந்தபட்ச நுழைவுத் தகுதியை வகுத்திருக்கிறது, எந்தக் கல்லூரியும் அதைத் தளர்த்த முடியாது. ‘புள்ளி குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, இடம் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால், அந்தக் கல்லூரியில் சேர்ந்து படித்து முடித்த பிறகு வாரியம் என்ன சொல்லும் என்று கேட்டுப் பாருங்கள்.

எஸ்.பி.எம்.முக்குப் பிறகு மூன்று பாதைகள் பிரிகின்றன. மெட்ரிகுலேசன் ஓராண்டில் முடியும், செலவு குறைவு. பூமிபுத்ரா அல்லாதவர்களுக்கான இடங்கள் குறைவு என்பதால் நம் பிள்ளைகளில் பலர் அங்கே இடம் கிடைக்காமல் தவிப்பது பழைய கதை. தனியார் கல்லூரிகளின் அடித்தளப் படிப்பும் ஓராண்டுதான். ஆனால் அதில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் அடித்தளப் படிப்பு அந்தப் பல்கலைக்கழகத்திலேயே தொடர்வதற்குப் பொருந்தும், வேறு தனியாரிடம் செல்லுபடியாகலாம், ஆகாமலும் போகலாம். யூ.பி.யூ. வழியாக அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க அது உதவாது. அடித்தளப் படிப்பில் சேரும் நாளிலேயே அடுத்த நான்கு ஆண்டுக் கட்டணத்துக்கும் கையெழுத்துப் போட்டதாக நினைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது பாதை ஆறாம் படிவம். அதை இந்த அத்தியாயம் வெளிப்படையாகவே பரிந்துரைக்கிறது.

ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்.டி.பி.எம். கடினம் என்ற பேச்சு நம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. உண்மையில் கடினம்தான். ஒன்றரை ஆண்டு, மூன்று தவணைத் தேர்வுகள், வேதியியலும் உயிரியலும் கணிதமும் ஒன்றாக நெருக்கும். ஆனால் அது அரசுப் பள்ளியில் ஏறக்குறைய இலவசமாகக் கிடைக்கிறது. பிறையிலோ பட்டர்வொர்த்திலோ வீட்டிலிருந்தே போய்வரலாம். அரசுப் பல்கலைக்கழகம், உள்நாட்டுத் தனியார், வெளிநாடு ஆகிய மூன்று கதவையும் திறக்கும் சாவி அது. 2012 முதல் தவணை முறையில் நடப்பதால் ஒரு தேர்வில் சறுக்கினாலும் மறுமுறை எழுதிப் புள்ளியை உயர்த்திக்கொள்ள வாய்ப்பு உண்டு. யூ.பி.யூ. தரவரிசையில் 90 விழுக்காடு கல்விப் புள்ளி, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. அந்தப் பத்தை அலட்சியப்படுத்தி ஒரு புள்ளி, அரைப் புள்ளியில் இடம் தவறவிடும் மாணவர்கள் உண்டு. தமிழ் மொழிக் கழகமோ செம்பிறைச் சங்கமோ, பிள்ளை அதில் பொறுப்பேற்று நடத்தியதற்கான சான்றிதழ்களைப் படிவம் ஒன்றிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும். மூயெட் ஆங்கிலத் தேர்வையும் கடைசி நிமிடத்துக்குத் தள்ளக் கூடாது. பார்மசி படிப்பு முழுக்க ஆங்கிலப் புத்தகங்களில்தான் நடக்கிறது.

எங்கே படிக்கலாம்

யூ.எஸ்.எம். முதல் தேர்வாக இருக்கட்டும். அரை நூற்றாண்டு அனுபவம், நாடு முழுவதும் பரவியிருக்கும் முன்னாள் மாணவர்கள், அரசு உதவியோடு கிடைக்கும் குறைந்த கட்டணம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. நாடு முழுவதுமிருந்து டாக்டர்கள் நஞ்சு தொடர்பான ஐயங்களுக்கு அழைக்கும் தேசிய நஞ்சுத் தகவல் மையம் 1994 முதல் இதே பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. செம்பனை எண்ணெயில் உள்ள டோகோடிரியெனால் என்ற வைட்டமின் ஈ வகையை உடல் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும்படி மாற்றிய ஆய்வு இந்தப் புலத்தில் நடந்தது. அதை ஈப்போவின் ஹோவிட் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது மருந்துக் கடையின் அலமாரி வரை போய்ச் சேரும் பாதையை மாணவர் கண்ணால் பார்க்கக் கிடைப்பது பெரிய பாடம். யூ.எஸ்.எம்.முக்கு நிபோங் திபாலிலும் ஒரு வளாகம் உண்டு. அது பெருநிலத்தில் இருப்பதால் சிலர் குழம்புகிறார்கள். அது பொறியியல் வளாகம், பார்மசி நடப்பது மிண்டனில். பிறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்குப் பாலத்தில் 2019 முதல் டோல் கிடையாது. இருந்தாலும் முதலாண்டில் ‘டேசாசிஸ்வா’ எனப்படும் மாணவர் விடுதியில் தங்கிப் படிப்பதே நல்லது. மாலை நேரப் பால நெரிசலில் கழியும் நேரம் படிப்பிலிருந்து கழியும் நேரம்.

மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய தேசியப் பல்கலைக்கழகம், குவாந்தானில் உள்ள அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் பார்மசி உண்டு. யூ.ஐ.டி.எம்.மின் பட்டப்படிப்பு இடங்கள் பூமிபுத்ரா மாணவர்களுக்கானவை. யூ.பி.யூ. விண்ணப்பத்தில் யூ.எஸ்.எம்., மலாயா, தேசியப் பல்கலைக்கழகம் மூன்றையும் மேலே வரிசைப்படுத்திவிட்டு, நேர்முகத் தேர்வு உண்டா என்பதையும் குறிப்பில் பார்த்துவிடலாம்.

இனி ஏய்ம்ஸ்ட். பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே போகும் கொமுட்டர் ரயில் சுங்கை பட்டாணியில் நிற்கும், அங்கிருந்து சாலை வழியே செமிலிங். குனோங் ஜெராய் மலையடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் இடிபாடுகளுக்கு அருகே இந்த வளாகம் இருக்கிறது. தமிழ் வரலாற்றில் கடாரம் என்று படித்த மண் அது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) 1984இல் உருவாக்கிய எம்.ஐ.இ.டி. என்னும் கல்வி மேம்பாட்டு நிறுவனம் 2001இல் இந்தப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. டத்தோ ஸ்ரீ சாமிவேலு காலத்தில், மருத்துவமும் பார்மசியும் படிக்க நம் பிள்ளைகள் வெளிநாடு போய் அலையக் கூடாது என்ற ஏக்கத்தில் எழுந்த இடம் அது. அந்த ஏக்கத்துக்கு மரியாதை செலுத்த வேண்டும். ஆனால் ‘நம்ம பல்கலைக்கழகம்’ என்ற பாசம் மட்டும் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஆகிவிடாது. மற்றத் தனியார் பல்கலைக்கழகங்களைக் கேட்கும் அதே கேள்விகளை ஏய்ம்ஸ்டையும் கேட்க வேண்டும். வீட்டுக்கு அருகில் இருப்பதும், எம்.ஐ.இ.டி. கடனுதவி பற்றி விசாரிக்க வழி இருப்பதும், வாழ்க்கைச் செலவு கிள்ளான் பள்ளத்தாக்கைவிடக் குறைவு என்பதும் அதன் உண்மையான பலங்கள். வடக்கு வட்டாரத்துப் பிள்ளைக்கு யூ.எஸ்.எம். கிடைக்காமல் போனால் முதலில் நேரில் போய்ப் பார்க்க வேண்டிய தனியார் வளாகம் அதுதான்.

கோலாலம்பூர் பக்கம் போனால் பட்டியல் நீளும். 1992இல் தொடங்கிய ஐ.எம்.யூ. பல்கலைக்கழகம், டெய்லர்ஸ், பண்டார் சன்வேயில் மோனாஷ், செராசில் யூ.சி.எஸ்.ஐ., செமினியில் நோட்டிங்ஹாம் என்று பெயர்கள் வரும். நோட்டிங்ஹாம் போன்ற இடங்களில் பாதிக் காலம் இங்கே, மீதி பிரிட்டனில் படிக்கும் ஏற்பாடு உண்டு. பிள்ளை வெளிநாட்டில் வேலை செய்ய உண்மையாகவே நினைத்தால் மட்டும் அதைப் பார்க்கலாம். பவுண்டு விலை ஏறும் ஆண்டில் அந்த இரண்டாண்டுச் செலவு எங்கே போய் நிற்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சிங்கப்பூருக்கு அதன் சொந்த வாரியமும் சொந்தப் பட்டியலும் உண்டு, ஆஸ்திரேலியாவுக்கும் அப்படியே. மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தாளர் ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியவர்தான்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் உறவினர் யாராவது கட்டாயம் அந்தப் பேச்சை எடுப்பார். கோவை, ஊட்டி, சிதம்பரம், சென்னை என்று நல்ல பார்மசி கல்லூரிகள் அங்கே இருக்கின்றன. நான்காண்டு பி.பார்ம்., 2008 முதல் ஆறாண்டு பார்ம்.டி. என இரு படிப்புகளையும் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்தியப் பார்மசி கவுன்சில் கண்காணிக்கிறது. ஆனால் அந்தக் கவுன்சிலின் ஒப்புதல் இந்தியாவுக்கானது. மலேசிய வாரியத்தின் பட்டியலில் அந்தக் குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தின் குறிப்பிட்ட பட்டம் இருக்கிறதா என்பதைப் பார்க்காமல் விமானச் சீட்டு எடுக்கக் கூடாது. முகவர் காட்டும் நகலை நம்பவும் வேண்டாம், வாரியத்தின் பட்டியலை நீங்களே திறந்து பாருங்கள். பட்டியல் அவ்வப்போது மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பணம்

அரசுப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரிங்கிட்டில் முடிந்துவிடும். தனியாரிடம் அதே படிப்பு பெரும்பாலும் ஒரு இலட்சம் ரிங்கிட்டைத் தொடும், பல இடங்களில் நன்றாகத் தாண்டும். யூ.எஸ்.எம். இடத்துக்காக எஸ்.டி.பி.எம்.மில் ஒன்றரை ஆண்டு பல்லைக் கடித்துப் படிப்பதன் மதிப்பு இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

1997இல் தொடங்கிய பி.டி.பி.டி.என். என்னும் அரசுக் கல்விக் கடனுக்கு அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும். அதன் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு, வங்கிக் கடனோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனால் குடும்ப வருமானத்தைப் பொறுத்துத் தொகை கூடும், குறையும். தனியார் கட்டணம் முழுவதையும் அது தாங்குவது அரிது. 50,000 ரிங்கிட் கடனைப் பதினைந்து ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தினால் அசல் மட்டுமே மாதம் ஏறக்குறைய 278 ரிங்கிட். புதிதாக வேலைக்குச் சேர்ந்து, வாடகை வீட்டில் இருந்துகொண்டு, காருக்கும் தவணை கட்டும் ஒருவருக்கு அது லேசான சுமை அல்ல. மீதி எங்கிருந்து வரும் என்பதைக் குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டும். வீட்டை அடகு வைத்து, இ.பி.எஃப். பணத்தை எடுத்து, அக்காவின் நகையை வைத்து என்று திட்டம் போனால், அந்தக் கல்லூரி அந்தக் குடும்பத்துக்கு ஏற்றது அல்ல என்றே அர்த்தம். பிள்ளையின் திறமையில் குறை இல்லை, விலைதான் பொருந்தவில்லை. எம்.ஐ.இ.டி., பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் கல்வி நிதி, பல்கலைக்கழகங்களின் சொந்த உதவித்தொகை எல்லாவற்றுக்கும் எஸ்.டி.பி.எம். முடிவு வரும் முன்பே படிவம் தயாராக இருக்கட்டும். பிறையில் இருப்பவர்கள் அறப்பணி வாரியத்தின் அறிவிப்பை ஆண்டுதோறும் கவனிப்பதும் அவசியம்.

வளாகத்துக்குப் போனால் கேட்க வேண்டியவை

திறந்த நாள் விழாவில் பலூனும் செல்ஃபியும் இருக்கும். அதற்குப் போவதைவிட ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போய்ப் பார்ப்பது மேல். ஆய்வுக்கூடத்தில் எத்தனை மாணவருக்கு ஒரு கருவி, மாத்திரை அழுத்தும் இயந்திரம் உண்மையில் ஓடுகிறதா அல்லது காட்சிக்கு வைத்திருக்கிறார்களா, நூலகம் இரவில் எத்தனை மணி வரை என்பதெல்லாம் அன்றுதான் தெரியும். விரிவுரையாளர்களில் பதிவு பெற்ற மருந்தாளர்கள் எத்தனை பேர் என்று கேட்கலாம், தயங்கத் தேவையில்லை.

அதைவிட முக்கியம் மருத்துவமனை. பார்மசி மாணவர் கடைசி ஆண்டுகளில் வார்டுக்குப் போக வேண்டும், நோயாளியின் மருந்து அட்டவணையைப் படித்து டாக்டரோடு பேச வேண்டும். எந்த மருத்துவமனை, மொத்தம் எத்தனை வாரம், அங்கே வழிகாட்டுபவர் யார் என்று கேளுங்கள். ‘ஒப்பந்தம் இருக்கிறது’ என்ற பதில் போதாது. மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர் ஒருவரைக் கண்டுபிடித்து, கேன்டீனில் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்து, சென்ற ஆண்டு எங்கே போனார்கள் என்று கேட்டால் விளம்பர அட்டை சொல்லாத விஷயங்கள் தெரியவரும். சென்ற அணியில் எத்தனை பேர் சட்டத் தேர்வில் முதல் முறையே தேறினார்கள், பி.ஆர்.பி. இடம் கிடைக்க எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்பதையும் அவர்களிடமே கேட்கலாம்.

வேலையைப் பற்றியும் பிள்ளையிடம் மறைக்காமல் பேச வேண்டும். பார்மசி முடித்தால் அரசு வேலை உறுதி என்ற காலம் போய்விட்டது. 2016 கடைசி முதல் டாக்டர்கள், பல் டாக்டர்கள், மருந்தாளர்கள் அரசில் ஒப்பந்த அடிப்படையிலேயே சேர்க்கப்படுகிறார்கள். நிரந்தரப் பணி பிறகு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மலேசியாவில் தனியார் கிளினிக் டாக்டர்களே மருந்தும் கொடுக்கிறார்கள். மருந்து எழுதுவதையும் கொடுப்பதையும் பிரிக்க வேண்டும் என்று மருந்தாளர் சங்கம் நெடுங்காலமாகக் கோரிவந்தாலும் அது நடக்கவில்லை. அதனால் கடை மருந்தாளரின் நாளில் பெரும்பகுதி சீட்டு பார்ப்பதைவிட ஆலோசனை சொல்வதிலும் விற்பனையிலும் கழிகிறது. அதை விரும்பும் பிள்ளைக்கு அது நல்ல வாழ்க்கை. விரும்பாத பிள்ளைக்கு மருத்துவமனை உண்டு, பெட்டாலிங் ஜெயாவில் மருந்துகளைச் சோதித்துப் பதிவு செய்யும் தேசிய ஒழுங்குமுறை அமைப்பு உண்டு, 1972 முதல் பாயான் லெப்பாசில் இயங்கும் பி. பிரவுன் போன்ற தொழிற்சாலைகள் உண்டு. நான்காம் ஆண்டுக்குள் இவற்றில் ஒன்றையாவது பயிற்சியாகப் பார்க்க வழி செய்யும் கல்லூரி, பார்க்க வழி செய்யாத கல்லூரியைவிட நல்லது, கட்டடம் எவ்வளவு பளபளத்தாலும்.

எம்.கியூ.ஆர். பதிவேடும் மருந்தியல் வாரியத்தின் பட்டியலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் தேடிப் பார்க்க ஒரு தே தாரிக் குடிக்கும் நேரம் போதும். இடத்தை உறுதிப்படுத்த முன்பணம் கேட்பார்கள், ‘இன்றே கட்டினால் தள்ளுபடி’ என்றும் சொல்வார்கள். அந்தப் பணத்தைக் கையில் எடுப்பதற்கு முன், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் படிப்பின் பெயரை இரண்டு பட்டியலிலும் நீங்களே தேடிப் பாருங்கள்.